கூழ்ப் பானையில் உலக வரலாறு

நெடுந்தீவு முதல் ஊர்காவற்றுறை வரை நம் தீவக இல்லங்களிலே அன்னையின் கைப்பக்குவமே சமையல் நூல். ஆயினும் ஒடியற் கூழ் ஒன்றே உலக வரலாற்றை உரைக்கும். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்து இடித்த ஒடியல் மா நம் மண்ணினது. அதனுடன் சேரும் செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயைக் கீழைத்தேயத்துக்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். அதற்கு முன் உறைப்புத் தந்தது மிளகு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்தம் ஆட்சி 1658இல் ஒழிந்தது. மிளகாயோ நம் அம்மியில் நிலைத்துவிட்டது.

தமிழகத்தில் 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதி இல்லப் பக்குவத்தை ஏட்டில் ஏற்றினார். நம் தீவகத்திலோ 1990இன் இடப்பெயர்வால் எத்தனையோ அடுப்புகள் அணைந்தன. பிளாவிற் கூழ் அருந்தி வளர்ந்த இளைஞராகிய நாம், நம் அன்னையரின் பக்குவங்களை அவர் வாய்மொழியாகவே கேட்டு இன்றே எழுதி வைப்போமாக!