இரகசியத்தின் இரண்டாம் பிரதி

இரகசியத்திற்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, பிறர் கண்ணில் படுவது. மற்றொன்று, உரியவருக்கே கிடைக்காமல் அழிந்துபோவது. முதல் எதிரிக்கு அஞ்சினால் பிரதிகளைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு அஞ்சினால் பிரதிகளைப் பெருக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தே மற்றொன்றுக்கு நோயாகிறது. கணினிக் கடவுச்சொல்லின் அறுபதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் இந்த முரண்பாட்டின் வரலாறாகவே இருக்கக் காண்கிறோம். இன்று வீட்டு மூலையில் ஒரு சிறு கணினியை வைத்து, தம் கடவுச்சொற்கள் அனைத்தையும் அதில் சேர்த்து, அதன் நகலொன்றை எங்கோ தொலைவிலுள்ள வாடகைச் சேமிப்பகத்துக்கு இரவுதோறும் அனுப்பிவைப்போர் பலர். அவர்களுடைய கருவிகள் புதியவை. அவர்கள் முன் நிற்கும் கேள்வி பழையது. அக்கேள்வியின் தடத்தைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவரது குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு அமைப்பைச் செயல்படுத்திக் காட்டினர். அதுவரை ஒரு நேரத்தில் ஒருவரது வேலையை மட்டுமே செய்துவந்த பெருங்கணினியை, பலர் ஒரே சமயத்தில் தத்தம் முனையங்களிலிருந்து பயன்படுத்த முடிந்தது. பலர் ஒரே வீட்டில் குடியிருந்தால் ஒவ்வோர் அறைக்கும் தாழ்ப்பாள் வேண்டும். ஒவ்வொருவரது கோப்புகளும் அவரவருக்கே உரியனவாக இருக்க, கடவுச்சொல் கணினிக்குள் நுழைந்தது. அத்தனை பேரின் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே, இருந்தன.

1962ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு, வாரத்திற்கு ஒதுக்கப்பட்ட நான்கு மணிநேரக் கணினிப் பொழுது போதவில்லை. ஒரு கோப்பை அச்சிட வேண்டுமானால் துளையட்டையில் கணக்கெண்ணையும் கோப்பின் பெயரையும் குறித்துக் கொடுத்தால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். வெள்ளிக்கிழமை பின்னிரவில் கடவுச்சொல் கோப்பை அச்சிடக் கேட்டு ஓர் அட்டையைப் போட்டார். சனிக்கிழமை அதிகாலையில் சென்று அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்து அவரே இதை வெளியிட்டார். 1960களின் நடுப்பகுதியில் அதே அமைப்பில் இன்னொன்றும் நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு வேறு கோப்புகளைத் திருத்தியபோது, இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் ஒரே பெயரில் அமைந்துவிட்டதால் உள்ளடக்கம் இடம் மாறிற்று. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பைக் காட்ட வேண்டிய கணினி, எல்லோருடைய கடவுச்சொற்களையும் வரிசையாகக் காட்டியது. தமது டூரிங் விருது உரையில் கோர்பாட்டோ இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் யாரும் யாருடைய கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. முதல் நிகழ்ச்சியில் மூலக்கோப்பு இருந்த இடத்தில் பத்திரமாகவே இருந்தது. முதல் முறை அச்சுத்தாளிலும், அடுத்த முறை முனையங்களிலும், அதன் பிரதிதான் வெளியேறியது.

இதிலிருந்து மீள ஒரு வழியை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் கண்டார். கணினி கடவுச்சொல்லை வைத்திருக்கவே வேண்டாம். அதை ஒருவழிக் கணிதச் சமன்பாட்டில் இட்டுப் பெற்ற விடையை மட்டும் வைத்திருந்தால் போதும். பயனர் தட்டும் சொல்லையும் அதே வழியில் மாற்றி, விடைகள் ஒத்தால் கதவைத் திறக்கலாம். மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாதது போல, விடையிலிருந்து சொல்லை மீட்க முடியாது. யூனிக்ஸ் இயங்குதளம் இவ்வழியை ஏற்றது. ஆயினும், கோப்பைக் கைப்பற்றியவன் தனக்குத் தோன்றும் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றில் 2,831, அதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ இருந்தன. இதற்கு மாற்றாக, ஒவ்வொரு சொல்லோடும் 4,096 வகைகளில் ஒன்றாக அமையும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து அரைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு.

அவர்களுடைய கட்டுரை அமெரிக்கக் கணினியியலாளர் சங்கத்தின் மாத இதழில் 1979 நவம்பரில் வெளிவந்தது. அதே இதழில், சில பக்கங்கள் தள்ளி, ஆதி ஷமீர் எழுதிய இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றும் இருக்கிறது. நாம் பேசும் முரண்பாட்டை அது நேராகவே எடுத்துரைக்கிறது. தரவைக் காக்க அதைக் குறியாக்கம் செய்யலாம். குறியாக்கத்தின் திறவுகோலைக் காப்பது எப்படி? ஓரிடத்தில் வைத்தால் ஒரு விபத்தில் போய்விடும். பல இடங்களில் வைத்தால் களவு போக வாய்ப்புகள் பெருகும். ஷமீர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது: பதினோரு அறிவியலாளர்கள் தம் ஆவணங்களை ஒரு பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த ஆறு பேர் கூடினாலும் அது திறக்க வேண்டும். ஐந்து பேர் கூடினால் திறக்கக் கூடாது. வெறும் பூட்டுகளால் இதைச் செய்ய 462 பூட்டுகள் வேண்டும். ஆளுக்கு 252 சாவிகள் சுமக்க வேண்டும்.

ஷமீரின் தீர்வு பள்ளிக்கணக்கில் அடங்குவது. இரண்டு புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டைத் தீர்மானிக்கும். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகலாம் என்பதால், தனிப்புள்ளி எதையும் சொல்லாது. கோடு அச்சை வெட்டும் இடத்தில் இரகசியத்தை வைத்து, கோட்டின் மேலுள்ள புள்ளிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால், எந்த இருவர் சேர்ந்தாலும் இரகசியம் மீளும், தனியொருவரால் இயலாது. மூவர் தேவையெனில் நேர்க்கோட்டுக்குப் பதில் வளைகோடு. பங்குகளில் சில எரிந்தாலும் இரகசியம் பிழைக்கும். ஒன்று களவு போனாலும் வெளிப்படாது. அதே ஆண்டில் ஜார்ஜ் பிளேக்லியும் தனியே இத்தகையதொரு முறையைக் கண்டறிந்தார்.

ஒருவழி மாற்றம் கணினியின் சிக்கலைத் தீர்த்ததே தவிர மனிதரின் சிக்கலைத் தீர்க்கவில்லை. கணினி சொல்லை மறந்துவிடலாம். பயனர் மறக்க முடியாது. இணையம் பெருகப் பெருக, நினைவில் வைக்க வேண்டிய சொற்களும் பெருகின. 1997இல் புரூஸ் ஷ்னையர் பாஸ்வேர்ட் சேஃப் என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். எல்லாச் சொற்களும் ஒரு கோப்பில். அந்தக் கோப்புக்கு ஒரே தலைமைச் சொல். 2003இல் டொமினிக் ரைக்லின் கீபாஸ் வந்தது. இவற்றில் காப்பு நகல் என்பது ஒரு கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொள்வதோடு முடிந்தது. வீட்டில் ஒரு கணினி, பணியிடத்தில் ஒரு கணினி, கையில் ஒரு தொலைபேசி என்று ஆனபோது, எல்லாவற்றிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டுமென்ற தேவை எழுந்தது. 2008இல் தோன்றிய லாஸ்ட்பாஸ் போன்ற நிறுவனங்கள் அப்பட்டியலைத் தம் வழங்கிகளில் வைத்துப் பராமரித்தன. 2016இல் கைல் ஸ்பியரின் உருவாக்கிய பிட்வார்டன், மூலநிரலையே திறந்து வைத்தது. அதன் வழங்கிப் பகுதியை எளிய கணினியிலும் ஓடும்படி டேனியல் கார்சியா என்பவர் 2018இல் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதினார். 2021 முதல் அது வால்ட்வார்டன் எனப்படுகிறது. பெட்டகத்தைச் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வது பலருக்கும் அதன் பிறகே எளிதாயிற்று.

சொந்த வீடென்றால் தீயும் வெள்ளமும் சொந்தப் பொறுப்பு. வாடகை வீடென்றாலும் தீ விலக்கல்ல என்பதை 2021 மார்ச் 10 உணர்த்தியது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று அன்று முற்றிலும் எரிந்தது. அருகிலிருந்த மற்றொன்றும் ஓரளவு சேதமுற்றது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் மூலத்தையும் நகலையும் சேர்த்தே இழந்தனர். மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வேற்றிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ 2000களில் பரப்பிய எளிய விதியின் கடைசிச் சொல் எவ்வளவு கனமானது என்பது அன்று விளங்கியது.

இருக்கிறதென்று நம்பப்படும் பிரதி உண்மையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தில் களைத்திருந்த ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். நகல்கள் அமேசான் சேமிப்பகத்தில் இருக்க வேண்டும்; போய்ப் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் பதிப்பு ஒத்துப்போகாததால் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் வழங்கி ஏற்க மறுத்திருக்கிறது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்னர் யாரோ எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் அவர்கள் மீண்டனர். அந்நிறுவனம் இவற்றை மறைக்காமல் எழுதி வெளியிட்டது பாராட்டுக்குரியது.

பிரதியில்லாமல் அழிந்த கதைகள் இவை. பிரதியால் அழிந்த கதை 2022இல் நடந்தது. லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்பு நகல்கள் திருடப்பட்டதாக அந்த ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. நகல்களின் திறவுகோல்கள் மூத்த பொறியாளர் நால்வருக்கு மட்டுமே எட்டக்கூடியவை. அவர்களில் ஒருவரது வீட்டுக் கணினியில் இருந்த ஓர் ஊடக மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்தவர்கள், அவர் தட்டிய தலைமைச் சொல்லைப் பதிவு செய்து, அவரது பெட்டகத்தைத் திறந்து, உள்ளே இருந்த திறவுகோல்களை எடுத்துக்கொண்டனர். திருடுபோன நகல்களில் கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. இணையதள முகவரிகள் அவ்வாறில்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தலைமைச் சொல்லை இன்று மாற்றிக்கொண்டாலும், களவுபோன நகல் பழைய சொல்லுக்கே திறக்கும். அது காலத்தில் உறைந்துபோன பிரதி. அதை வைத்திருப்பவன் மோரிஸும் தாம்ப்சனும் செய்தது போல, அவசரமின்றி, ஒவ்வொரு சொல்லாக முயன்றுகொண்டே இருக்கலாம்.

தனியே பெட்டகம் வைத்திருப்பவருக்கு இந்த வரலாறு சில நடைமுறைகளைக் கற்பிக்கிறது. வால்ட்வார்டனில் பெட்டகம் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அண்மைய மாற்றங்கள் பக்கத்திலுள்ள வேறொரு கோப்பில் தங்கியிருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அது குறைப்பிரதியாகும். தரவுத்தளத்தின் சொந்தக் காப்புக் கட்டளையால் நகலெடுப்பதே முறை. இணைப்புக் கோப்புகளும், அமைப்புக் கோப்பும், நுழைவுச் சீட்டுகளில் கையொப்பமிடும் திறவுகோலும் தனித்தனியே உள்ளன. அவற்றையும் சேர்க்க வேண்டும். பெட்டகத்தின் உள்ளடக்கம் ஏற்கெனவே குறியாக்கம் பெற்றதுதான். ஆயினும் பயனரின் மின்னஞ்சல் முகவரியும், அமைப்புக் கோப்பிலுள்ள அஞ்சல் வழங்கியின் கடவுச்சொல்லும் வெளிப்படையாகவே இருக்கக்கூடும். எனவே வீட்டை விட்டுக் கிளம்புமுன் முழுவதற்கும் இன்னொரு குறியாக்க உறை வேண்டும். ரெஸ்டிக், ஆர்க்குளோன் போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. வீட்டுக் கணினிக்குத் தொலைச் சேமிப்பகத்தில் சேர்க்கும் உரிமை போதும். அழிக்கும் உரிமை வேண்டாம். வீட்டில் புகுந்தவன் அங்கிருந்தே நகல்களையும் அழித்துவிட முடியாமலிருக்க அதுவே வழி.

இவையெல்லாம் செய்தபின்னும் ஒரு முடிச்சு எஞ்சுகிறது. அந்த வெளியுறையின் திறவுகோலையும், சேமிப்பகக் கணக்கின் கடவுச்சொல்லையும் எங்கே வைப்பது? பழக்கத்தால் பெட்டகத்திலேயே வைக்கிறோம். வீட்டுக் கணினி எரிந்த அன்று, நகலைத் திறக்கும் சாவி நகலுக்குள்ளேயே கிடக்கும். பெட்டகம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் அடையும் நிலையும் இதுவே: வங்கிக் கணக்கும் நிழற்படங்களும் கடிதங்களும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டு, யாருக்கும் எட்டாமல் இருக்கும். 1979 நவம்பர் இதழின் அந்த இரண்டு பக்கங்கள் இங்கேதான் உதவுகின்றன. திறவுகோலை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு கூடினாலும் திறக்கும்படி செய்து, தாளில் எழுதி, துணையிடம் ஒன்று, உடன்பிறந்தாரிடம் ஒன்று, வங்கிப் பெட்டகத்தில் ஒன்று என்று வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை இரண்டு பங்குகளை மட்டும் கொண்டு, வெறுங்கணினி ஒன்றில், நகல் உண்மையிலேயே உயிர்பெறுகிறதா என்று பார்க்கவும் வேண்டும். கிட்லேப் அனுபவத்துக்குப் பின் அந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணம் சொல்ல இயலாது.

கோர்பாட்டோ 2019இல் மறைந்தார். முதுமையில் ஒரு நேர்காணலில், கடவுச்சொல் ஒரு கொடுங்கனவாகிவிட்டதென்று அவரே சொன்னார். அதை ஒழிக்கும் முயற்சியாகக் கடவுத்திறவி என்னும் முறைக்கான ஆதரவை விரிவாக்கப் போவதாக ஆப்பிளும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2022 மே மாதம் அறிவித்தன. அதில் மனிதர் நினைவில் வைக்க எதுவுமில்லை. சாதனமே ஒரு நீண்ட இரகசிய எண்ணை வைத்திருக்கும். பிட்வார்டன் முதலிய பெட்டகங்கள் அந்த எண்களையும் இப்போது சேமிக்கின்றன. மறந்த சொல்லை ஒரு நாள் நினைவுகூரும் வாய்ப்பாவது இருந்தது. எவர் நினைவிலும் ஒருபோதும் இருந்திராத எண்ணுக்கு, அதன் பிரதியைத் தவிர வேறு நினைவில்லை.