ஏடும் பொதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாறு, ஒருவகையிற் படியெடுத்தலின் வரலாறே எனலாம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), செல்லரித்த ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். ஓரிடத்தில் முடங்கிய நூல் மாயும். பலர் கையிற் பரவிய நூல் வாழும். அவர்தம் உழைப்பு உணர்த்தும் உண்மை இதுவே.

இவ்வுண்மை கணினியுலகிலும் சோதனைக்குள்ளாயிற்று. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விலைகொடுத்து வாங்கிய இயங்குதளத்தைப் படியெடுத்து அயலவருக்கு ஈவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடைசெய்தன. 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளமொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991 இற் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கேற்ற கருவை வெளியிட்டார். இவற்றையும் பிறவற்றையும் ஒருங்கு திரட்டி, எளிதில் நிறுவத்தக்க தொகுப்பாக்கும் பணியை, டெபியன் என்னும் பெயரில் இயன் மேர்டொக் 1993 இல் தொடங்கினார்.

டெபியனை நிறுவுபவர் முதலில் அடிப்படையை மட்டும் அமைத்து, வேண்டிய மென்பொருள்களைப் பின்னர் பொதி பொதியாகப் பெறலாம். தான் இயங்குதற்கு எப்பொதிகள் துணைவேண்டும் என்பதை ஒவ்வொரு பொதியும் குறித்து வைத்திருக்கும். ‘ஆப்ட்’ என்னும் கருவி 1999 இல் வெளிவந்த பதிப்பிற் சேர்ந்தது. அது அக்குறிப்பை நோக்கித் துணைப் பொதிகளையும் தானே வருவிக்கும். இடைவழியில் ஓரெழுத்து மாறினும் மின்னொப்பச் சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். பாடபேதம் நோக்கி ஏடுகளை ஒப்பிட்டோர் கண்ணாற் செய்த வேலையை, இங்கே கணக்கு செய்கிறது.

இப்பொதிக் களஞ்சியத்தின் படிகள் பல நாடுகளில் உள்ளன. ஒன்று கெடினும் மற்றொன்று உதவும். இணைய வசதி குன்றிய ஊரிலும் ஓர் இறுவட்டைப் படியெடுத்துப் பல கணினிகளில் நிறுவலாம். அது குற்றமன்று, உரிமை. நிறுவும்போது தோன்றும் வினாக்களைத் தமிழிலேயே படித்து விடையளிக்கவும் கூடும். மொழிபெயர்த்த தன்னார்வலர் தந்த கொடை அது.

படிகள் இல்லாதவிடத்து நேர்வது யாதென்பதை யாழ்ப்பாணம் அறியும். 1981 இல் மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயலிற் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் படியுள்ள நூலை மீண்டும் வாங்கலாம். தனியொரு சுவடியை எங்கே வாங்குவது?

2005 இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் அவ்விழப்பின் பாடத்தைக் கற்றதாகும். மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மீது அமைந்த அதன் தளம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாகப் பெற வழிசெய்கிறது. ஆயினும் உரிமை மட்டும் எதனையும் காவாது. குடாநாட்டு வீடுகளிற் பெட்டிகளுள் உறங்கும் ஏடுகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் இன்று வேண்டுவன, படியெடுக்கும் கைகளே.