ஜெராய் மலையின் குடுவைச் செடிகள்

குரூண், பீடோங், மெர்போக் வட்டாரத் தோட்டங்களில் எங்கு நின்றாலும் கண்ணில் படுவது குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் மேற்பகுதியில் மண் மெலிந்தது, சத்தும் குறைவு. ஆகவே, அங்குக் குட்டை மரங்களும் புதர்களுமே அதிகம். அவற்றிடையே வளர்பவை, மலாயில் பெரியோக் கெரா எனப்படும் குடுவைச் செடிகள்.

மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை இவை பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன. இங்குள்ள நெப்பந்தஸ் அல்போமார்ஜினாட்டா இனத்தின் குடுவை வாய்க்குக் கீழே வெள்ளை வளையம் உண்டு. அதைத் தின்ன வரும் கரையான்கள் கூட்டமாக உள்ளே விழுந்துவிடும்.

அழகுக்காகப் பிடுங்கி வந்து எருவிட்ட தொட்டியில் நட்டால், செடி பெரும்பாலும் பட்டுப்போகும். காட்டுக்கும் இழப்புதான். குடுவைச் செடியில் ஆண், பெண் தனித்தனி. ஒன்றை எடுத்தால் அருகிலுள்ள மற்றது விதையின்றிப் போகலாம்.

பாதுகாக்கப்பட்ட வனத்தில் உரிமமின்றிச் செடி எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம். நெப்பந்தஸ் இனங்களின் அனைத்துலக வணிகமும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் உள்ளது.

மிதிபட்டுச் சிதைந்த இடங்களை மீட்க வெளியூர்ப் பூச்செடியும் எருவும் உதவா. சத்து கூடினால் களைகளே முந்தும். நடைபாதையை விட்டு விலகாமல் நடந்தால், அம்மண்ணின் விதைகள் தாமே முளைக்க இடம் கிடைக்கும். வீட்டில் வளர்க்க விரும்புவோர், நாற்றுப் பண்ணையில் பெருக்கிய செடியையே கேட்டு வாங்கலாம்.