விளைதலும் பழுநுதலும்: சங்கப் பாடல்களில் மெதுவான நொதித்தலும் குறிஞ்சி நிலத் தேறலும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தின் கள், தோப்பி, பிழி, நறவு, தேறல் ஆகிய சொற்களைப் பொதுவில் ‘கள்’ என்றே உரைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. இவற்றை வேறுபடுத்துவதில் மூலப்பொருளைக் காட்டிலும் நொதிப்பதற்கு எடுத்துக்கொண்ட காலமே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தேறல், தோப்பி, நல்லடை, மூங்கில், நொதித்தல், ஏலமலை

முன்னுரை

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் முன்னிரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியலில் பொங்கி நிற்கும். அதே மாவைப் போடிமெட்டில் கரைத்து வைத்தால் முற்பகல்வரை காத்திருக்க நேரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைகிறது. நுண்ணுயிரிகளின் இயக்கமும் அதற்கேற்பத் தளர்கிறது. ஏலமலைச் சரிவில் வாழ்வோர் அனைவரும் அறிந்த இச்செய்தியைச் சங்கப் பாடல்களின் மதுச் செய்திகளோடு பொருத்திப் பார்த்தவர் மிகச் சிலரே. இங்கு எடுத்தாளப்படும் பாடல்கள் சிலமலையைப் பெயர் சுட்டிப் பாடியவை அல்ல. எனினும் அவை காட்டும் குறிஞ்சிச் சூழல் இச்சரிவுகளின் சூழலே.

இல்லில் அட்ட தோப்பி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இருவகையில் நமக்குச் சான்றாகிறது. அதன் 142ஆம் அடி தோப்பியை வீட்டிலேயே சமைக்கப்பட்ட கள்ளாகச் சுட்டுகிறது. 275 முதல் 281 வரையுள்ள அடிகள், வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து பிழி ஆக்கும் முறையைப் படிப்படியாக விரிக்கின்றன. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய ‘நல்லடை’யை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், சாடியில் ‘வழைச்சு’ நீங்க விளைந்ததை அரித்துப் பிழிகின்றனர்.

இதில் இரண்டு நுட்பங்கள் கவனத்திற்குரியவை. முதலாவது, ஆற்றுதல். கொதிக்கும் களியில் அடையைச் சேர்த்தால் அதிலுள்ள உயிரிகள் மடிந்துபோகும். களி ஆறிய பின்னரே கலக்க வேண்டும். நொதித்தலுக்கு உயிர்ப்பொருளே காரணம் என்பதைப் பாஸ்டர் நிறுவியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். காரணம் அறியாமலேயே வலைஞர் மகளிர் செய்முறையைச் சரியாக வகுத்திருந்தனர். இரண்டாவது, நல்லடை. நச்சினார்க்கினியர் இதனை முளையோடு தொடர்புபடுத்தி உரைக்கிறார். முளைகட்டிய தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகளை உடையது என்பதால் அவ்வுரை அறிவியலுக்கும் ஒத்துவருகிறது. ஆயினும் புற்றாஞ்சோற்று உவமை வேறொரு வாய்ப்பையும் எண்ணச் செய்கிறது. சார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடியினர் ‘ஹண்டியா’ ஆக்கப் பயன்படுத்தும் ‘ரானு’ என்னும் உருண்டைகளில் பூஞ்சையும் ஈச்டும் ஒருங்கே வாழ்கின்றன. புறம் பூத்த அடை என்ற வருணனை அத்தகைய வித்துருண்டைக்கே கூடுதலாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

பெல்சியத்தின் வெண்கோதுமைப் பியர் இதற்கு நல்ல ஒப்பீடு. முளைகட்டாத கோதுமையையும் முளைகட்டிய வாற்கோதுமையையும் சேர்த்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இட்டு அதனை ஆக்குவர். ஊகார்டன் ஊரில் 1957இல் இறுதி ஆலையும் மூடப்பட்டது. அம்மரபை 1966இல் பியர் செலிசு மீட்டெடுத்தார். (அந்நாட்டு வடிப்போர் சிலர் சேர்க்கும் ‘சொர்க்க விதை’ நம் ஏலக்காயைப் போலவே இஞ்சிக் குடும்பத்தது.) வீட்டில் வடிப்போர்க்கு அங்கும் சிக்கல் ஒன்றே. குளிரில் நொதித்தல் தளர்ந்து நின்றுவிட்டது போலத் தோன்றும். அப்போது கலனைத் திறந்து பார்க்காமல், சற்று வெப்பமான இடத்திற்கு மாற்றிவிட்டுப் பச்சை வாடை நீங்கும்வரை காத்திருப்பதே வழி. அவசரப்பட்டு வடித்தால் அவ்வாடை தங்கிவிடும். ‘வழைச்சு அறுதல்’ என்று உருத்திரங்கண்ணனார் குறிப்பது இந்நிலையையே எனலாம். வழைச்சு என்பதற்கு இளமை, புதுமை எனப் பொருளுரைப்பதோடு நின்றுவிட்டால் அத்தொழில்நுட்பப் பொருள் மறைந்துவிடுகிறது.

மூங்கிலும் நிலமும்

வலைஞர் பிழிக்கு இரண்டு நாள் போதும். குறிஞ்சித் தேறலின் காலக்கணக்கு வேறு. திருமுருகாற்றுப்படை, மலைபடுகடாம், புறநானூறு 129 ஆகியன மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் குறிக்கின்றன; பாரியின் பறம்பைக் கபிலர் பாடிய புறநானூறு 120 நிலத்தில் புதைத்து முதிரவிட்டதைக் குறிக்கிறது. தேன் தானாக எளிதில் நொதிப்பதில்லை. அதில் சர்க்கரை ஏறத்தாழ எண்பது விழுக்காடு. நீர் இருபதுக்கும் குறைவு. நீர் சேர்த்த பின்னும் ஈச்டுக்கு வேண்டிய நைட்ரசன் தேனில் மிகக் குறைவாதலால் நொதித்தல் வாரக்கணக்கில் நீளும். அவ்வளவு காலமும் காற்றுப் புகாமல் காப்பது இன்றியமையாதது. காற்றுப் புகுந்தால் காடியாகிவிடும். கணுவால் அடைபட்ட மூங்கில் இதற்கு இயற்கையாக அமைந்த கலம். மண்ணுக்குள் பகல்வெப்பமும் இரவுக்குளிரும் அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பதால் புதைத்தலும் அதே நோக்கத்தது.

இப்பாடல்கள் ஆளும் வினைகளும் கருதத்தக்கவை. நெல் ‘விளைவது’ போலக் கள்ளும் விளைகிறது. கனி பழுப்பது போலத் தேறலும் ‘பழுநுகிறது’. இன்று நாம் வழங்கும் ‘புளித்தல்’ சுவையின் கேட்டையே சுட்ட, பழைய வினைகள் காலத்தைச் சுட்டுகின்றன. தேறல் என்ற பெயரும் தேறுதல், அதாவது தெளிதல், என்ற வினையடியாகப் பிறந்தது. ஈச்டு அடியில் படிந்து மேல்நீர் தெளிவது நொதித்தல் முற்றியபின் நிகழும் இறுதி நிலை. விரைந்து நொதித்து, ஒரு நாள் கடந்ததும் புளிப்பேறிவிடும் பனங்கள்ளுக்கு அந்நிலை வாய்ப்பது அரிது. ஔவையார் புறநானூறு 392இல் நாட்பட்ட தேறலுக்குத் தேளின் கடுப்பை உவமித்தது அதன் வெறியை நோக்கியே. புளிப்பை நோக்கி அன்று.

இக்கருத்துக்கு ஓர் இடையூறு உண்டு. அகநானூறு 348இல் குறவர் பலாச்சுளையும் தேனும் கூட்டி மூங்கிலில் முதிர்வித்த மதுவின் பெயர் தோப்பி. தோப்பி நெல்லால் செய்த கள் எனக் கொண்டால் இப்பாடல் பொருந்தாது. தோப்பி என்பது மூலப்பொருளைக் குறித்த பெயராக அன்றி, மரத்திலிருந்து இறக்காமல் மனிதர் கூட்டி ஆக்கிய மதுவுக்கான பெயராக இருந்திருக்கலாம் என்று கருதுகிறேன். அப்போது பெரும்பாணாற்றுப்படையின் ‘இல் அடு’ என்ற அடையும் விளக்கம் பெறும். அதனைப் பருகிய குறவர் தினைப்புனக் காவலை மறந்தனர். யானைகள் கதிரைக் கவர்ந்து சென்றன.

பின்னைய வரலாறு சட்டங்களின் வரலாறு. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவாக்கத்தை உரிமத்திற்கு உட்பட்ட வருவாய் இனமாக்கியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டுப் பின் மீண்டும் வந்தது. 1983இல் டாஸ்மாக் தோன்றியது. 1987 முதல் கள்ளும் தடைசெய்யப்பட்டது. ஆலை மதுவுக்கு இடமளித்த இச்சட்ட வரிசையில், இல்லில் அடும் மதுவுக்கு இடமில்லை. நல்லடையை இடித்துக் கலந்த கையறிவு இவ்வாறு செயலிலிருந்து விலகி உரைநூல்களுக்குள் ஒடுங்கியது. அடை எத்தகையது என்று கேட்டறிய இன்று சிலமலையில் எவரும் இல்லை. மாவு பொங்க எத்தனை நாழிகை ஆகும், மழைநாளில் பானையை அடுப்படிக்கு எவ்வளவு நெருக்கி வைக்க வேண்டும் என்பவற்றை மட்டும் எந்த வீட்டு மூதாட்டியும் சொல்வார்.