தில்லைத் திருப்பணியில் எளிமையும் எழிலும்

கோயில் என்னும் பொதுச்சொல்லைத் தில்லைக்கே சிறப்பாக உரிமையாக்கி வழங்குவது சைவ மரபு. அத்தகைய பெருங்கோயில் ஒருவர் கருதி ஒரு காலத்தில் முடித்ததன்று. சோழரும், காடவரும், பாண்டியரும், விசயநகர வேந்தரும், அவர்க்குப் பின்னர் வணிகப் பெருமக்களும் அடியார் பலரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனைப் பேணி வளர்த்து வந்துள்ளனர். பலர் கைப்பட்ட பணி முதற் கருத்து மறைந்து உருக்குலைதல் உலகியல்பு. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பினை அதன்மேல் ஏற்றுவர். ஒருவர் செய்ததை மற்றொருவர் மிஞ்ச எண்ணுவர். தில்லையில் அவ்வாறு நிகழவில்லை. அஃது எங்ஙனம் கைகூடிற்று என ஆராய்வது, திருப்பணி முடித்துக் குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் நமக்குப் பயன் தருவதாகும்.

சிற்றம்பலத்தின் எளிமை

தில்லையின் நடுவிடமாகிய சிற்றம்பலம் மரத்தால் இயன்றது. நம் சிற்றூர்களில் ஓலையும் வைக்கோலும் வேய்ந்த குடிலின் கூரை எவ்வாறு சரிந்து இறங்குமோ, அவ்வாறே அம்பலத்தின் கூரையும் சரிந்து இறங்குகின்றது. அதன்மேற் பொன் வேய்ந்த புகழை முதற் பராந்தக சோழனுக்கு (907–955) உரியதாகச் சோழர் செப்பேடுகள் கூறும். பொன் வேய்ந்தானே அன்றி, அவன் அதன் குடில் வடிவை மாற்றினானல்லன்.

அக்கூரையின் பொன்னோடுகள் 21,600 என்றும், அவை ஒருநாளில் மனிதன் விடும் மூச்சுக்களைக் குறிப்பன என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும், அவை உடம்பின் நாடிகளைக் குறிப்பன என்றும் மரபு வழியாகச் சொல்லப்பெறும். மேல் விளங்கும் 9 கலசங்கள் நவசத்திகளைக் குறிப்பன. கருத்தோ மிக நுண்ணியது. தோற்றமோ ஒரு குடில். கல்லாதார்க்கு அஃது இறைவன் இல்லம். கற்றார்க்கு அதுவே மனிதவுடம்பு. இருவரும் ஒரே வாயிலில் நின்று கைகூப்புகின்றனர்.

பராந்தகன் வழிவந்த முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார்க்கு ஏறத்தாழ 216 அடி உயரக் கல் விமானம் எழுப்பினான். அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் மற்றொன்று கண்டான். இத்தகைய ஆற்றல் வாய்ந்த குலத்தினர்க்குத் தில்லையம்பலத்தை அகற்றி அவ்விடத்தில் வான்முட்டும் கற்றளி எடுத்தல் அரிதன்று. எனினும் அவர் அதனைச் செய்திலர். பொருளின்மையாலோ தொழில்வன்மை இன்மையாலோ அன்று. எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்னும் தெளிவு அவர்பால் இருந்தமையாலேயே எனக் கொள்வது பொருந்தும்.

புறத்தே விரிந்த எழில்

அங்ஙனமாயின் அவர்தம் செல்வமும் சிற்பத்திறனும் எங்கே சென்றன? அம்பலத்தைச் சூழ்ந்த புறத்தே சென்றன. முதற் குலோத்துங்கன், விக்கிரமன் ஆகியோர் காலத்துப் படைத்தலைவனாகிய மணவிற்கூத்தன் என்னும் நரலோகவீரன் நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான்; தேவாரத் திருமுறைகளைச் செப்பேட்டில் எழுதுவித்தான். 13ஆம் நூற்றாண்டில் காடவ வேந்தன் கோப்பெருஞ்சிங்கன் கோபுரத் திருப்பணி செய்தான். 16ஆம் நூற்றாண்டில் கிருட்டிணதேவராயர் தம் வடதிசை வெற்றிக்குப் பின்னர் வடகோபுரம் எழுப்பினார் எனக் கல்வெட்டுக் கூறும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பச்சையப்ப முதலியார் குடும்பத்தார் கீழைக் கோபுரத்தைப் புதுப்பிக்கப் பொருள் உதவினர்.

கோபுர வாயில்களின் உட்சுவர்களில் பரதர் வகுத்த 108 கரணங்களும் சிற்பமாக நிற்கின்றன. கீழை, மேலைக் கோபுரங்களில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பெற்றுள்ளன. கையும் காலும் இடையும் கணந்தோறும் மாறும் அவ்வாடற்கலையின் விரிவு முழுவதும் வாயிலிலேயே நமக்குக் காட்டப்படுகின்றது. அதனைக் கடந்து உள்ளே செல்வோர்க்கு நூற்றெட்டும் ஒன்றாய் ஒடுங்கி, கூத்தப்பெருமானின் ஒரு திருவடிவமாகத் தோன்றுகின்றன. அவ்வடிவின் அருகே படிக இலிங்கம் அருவுருவமாக விளங்குகின்றது. அதற்கும் அப்பால், திரையை விலக்கிக் காட்டும் இரகசியத்தில், பொன் வில்வமாலை தொங்கும் வெளியன்றி வேறில்லை. உருவம், அருவுருவம், அருவம் என்னும் சைவ சித்தாந்தக் கொள்கை இங்ஙனம் கட்டட அமைப்பாகவே விளங்குகின்றது. புறத்தில் விரிவு மிகுந்திருத்தலின் உள்ளே உள்ள வெளியின் அருமை புலனாகின்றது. வெளி காக்கப்பட்டமையின் புறத்து விரிவும் பொருளுடையதாகின்றது.

நூல் ஒன்று, உளி பல

பலர் கூடிச் செய்யும் பணி ஒருமை கெடாதிருக்கச் சிற்ப நூலார் வகுத்த முறையும் எண்ணத்தக்கது. தபதி, சூத்திரக்கிராகி, தட்சகன், வர்த்தகி எனத் தொழிலாளர் நால்வகையினர் என மயமதம் முதலிய நூல்கள் கூறும். தபதி முழுவடிவையும் உள்ளத்தில் அமைப்பவன். சூத்திரக்கிராகி நூல் பிடித்து அளவு காப்பவன். அவன் தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. ஏனை இருவரும் செதுக்குதலும் இணைத்தலும் செய்வர். உளிகள் பலவாயினும் அளவு நூல் ஒன்றேயாம்.

இம்முறைக்குச் சான்று தில்லை வடகோபுரத்திலேயே உளது. அங்கே ஒரு மாடத்தில் அக்கோபுரப் பணி செய்த ஆசாரியர்களின் உருவங்கள் பெயருடன் காணப்படுகின்றன. விருத்தகிரியைச் சார்ந்த சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாசாரி என்போர் அவர். தந்தையும் மகனும், தமையனும் தம்பியுமாக அவர்கள் நிற்பதைக் காணும்போது, அளவும் அடக்கமும் வாழையடி வாழையாக வந்த திறம் விளங்கும்.

அலகும் உழவாரமும்

கட்டடம் ஒன்றே திருப்பணியன்று என்பதைக் கடலூர்ப் பக்கத்துத் தலங்கள் நமக்கு அறிவுறுத்துகின்றன. திருவதிகையில் திலகவதியார் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தார். அவர் தம்பியாராகிய அப்பர் பெருமான் கல்லே மிதவையாகக் கடலினின்று கரையேறி வணங்கிய தலம் திருப்பாதிரிப்புலியூர். பின்னர் அவர் ஊர்தோறும் கைக்கொண்டு சென்றது உழவாரப்படை ஒன்றே. அவரால் சைவம் சார்ந்த பல்லவ வேந்தன் அதே திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயில் எடுத்தான். சோழரின் அமைச்சராயிருந்த சேக்கிழார், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய தம் பெரியபுராணத்தில் இவ்விரு தொண்டினையும் போற்றினார். வேந்தன் எடுத்த கோயிலை ஒரு செய்யுளில் சொல்லி அமைந்த அவர், அம்மையார் கையில் ஏந்திய அலகினை அதனினும் தாழ்ந்ததாக எண்ணினாரல்லர்.

உபயகாரர்க்கு ஒரு விண்ணப்பம்

இந்நாளில் திருப்பணிக்குப் பொருள் தருவோர் பலர். அது சைவத்தின் நற்பேறு. ஆயினும் ஒவ்வோர் உபயமும் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்னும் ஆர்வத்தால், பழங்கருங்கல் தளத்தின்மேற் பளபளக்கும் ஓடு பதித்தலும், கல்லின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசுதலும் ஆங்காங்கு நிகழ்கின்றன. மணல் வீசித் தூய்மை செய்தமையாற் சில கோயில்களிற் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தன. வெள்ளையடித்தமையாற் பழைய ஓவியங்கள் மறைந்தன. சேர்த்தவர் அன்பாற் சேர்த்தார். இழந்ததோ மீண்டு வாராது.

ஆதலின், உபயம் ஏற்குமுன் அறிவுடைய தபதியையும் கல்வெட்டு அறிந்தோரையும் கலந்து கொள்ளுதல் வேண்டும். கருவறையை அணுக அணுகப் புதுமையைக் குறைத்தல் வேண்டும். புதியன செய்யும் விருப்புடையார் அதனைத் திருமதிற்கு வெளியே, அடியார் தங்கும் இடத்திலும் குளக்கரையிலும் செய்தல் நன்று. நந்தவனத்திற்கு நீர், விளக்கிற்கு நெய், ஓதுவார்க்கு ஊதியம், மடைப்பள்ளிக்கு நெல் ஆகிய உபயங்கள் கண்ணுக்குப் புலனாகா. எனினும் கோயில் நாள்தோறும் உயிர்த்திருப்பது அவற்றாலேயாம்.

தில்லையம்பலத்தைக் குடிலாகவே காத்துத் தந்த முன்னோர் வழியில், நமக்குக் கிடைத்ததைக் கிடைத்தவாறே நம் மக்கட்கும் அளிப்போமாக. 

திருச்சிற்றம்பலம்.