ஷெரீப் இல்லாத நாஞ்சில் நாடு

ஷெரீப் என்றதும் தொப்பி, குதிரை, மார்பில் நட்சத்திரம் என்று ஏதாவது ஒரு கௌபாய் படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் நம் சென்னையிலும் ஷெரீப் இருந்தார், 1998 வரை!

சொல் இங்கிலாந்துச் சொல். 'ஷயர்' என்றால் மாவட்டம், 'ரீவ்' என்றால் அரசரின் காரியஸ்தர். 1726ல் வந்த சாசனத்தின்படி மெட்ராஸில் மேயர் நீதிமன்றம் அமைந்தபோது ஷெரீப் பதவியும் கூடவே வந்தது. சம்மன் கொடுப்பது, ஜூரர்களை அழைப்பது, கைதிகளைக் காவலில் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு போலீசும் ஐகோர்ட்டும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள, கடைசியில் மிஞ்சியது வெறும் கௌரவம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சத்திரம் கட்டிய ராஜா சர் சவளை ராமசாமி முதலியார் போன்ற செல்வந்தர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள்.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். அங்கே 3,000க்கும் அதிகமான ஷெரீப்கள். கைது செய்கிறார்கள், பெரும்பாலான கவுண்டிகளில் சிறையையும் நடத்துகிறார்கள். காரணம், பெரும்பாலான மாநிலங்களில் அது தேர்தல் பதவி. ஓட்டு வாங்கி வந்தவரின் அதிகாரத்தைப் பிடுங்குவது லேசான காரியமா?

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்ததால் ஷெரீப் இந்தப் பக்கம் வரவே இல்லை. இங்கே இருந்தவர் காரியக்கார். வரி, காவல், நியாயம் மூன்றும் ஒரே கையில்! தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பியும் மாவேலிக்கரையில் காரியக்காராக இருந்தவர்தான். 1799ல் ஜயந்தன் நம்பூதிரியின் அரசாங்கம் அவரிடம் 3,000 ரூபாய் கேட்டது. மூன்று நாள் தவணை கேட்டு வந்தவர், பணத்துக்குப் பதில் நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். ஜயந்தன் பதவி இழந்தார். அவருடைய கூட்டாளிகளான சங்கரநாராயணன் செட்டிக்கும் மாத்து தரகனுக்கும் சவுக்கடி, காதறுப்பு. வேலுத்தம்பியின் வீரத்தில் சந்தேகமில்லை. ஆனால் குற்றம் சாட்டுபவரே தண்டனையும் கொடுத்தால், நிரபராதி எங்கே போய் நிற்பான்?

இதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1811ல் ரெசிடெண்ட் மன்றோ திவான் பொறுப்பையும் ஏற்று, பத்மநாபபுரம் உட்பட ஐந்து இடங்களில் ஜில்லா கோர்ட் அமைத்தார். காரியக்கார் தாசில்தார் ஆனார். ஆனாலும் போலீஸ் வேலை அவரை விட்டுப் போக இன்னும் எழுபது வருடம் ஆயிற்று. திவான் ராமய்யங்கார் காலத்தில், 1881 வாக்கில்தான் போலீஸ் தனித்துறையாகப் பிரிந்தது.

முழுதாகப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. இன்றும் தாசில்தார் ஒரு நிர்வாக நடுவர். கலவரம் மூண்டால் கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் சட்டப்படி அவருக்கும் உண்டு.