மேற்குத் தொடர்ச்சி மலை (திரைப்படம்)

ஏலமலைச் சரிவின் கூலி வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் படம். லெனின் பாரதி இயக்கிய முதல் படம் இது. விஜய் சேதுபதி தயாரிக்க, 2018 ஆகஸ்ட் 24இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை இளையராஜா.

போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்து ஊர்களுக்குத் தோட்டம் மேலே, வீடு கீழே. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்ததால், வேலை ஒரு மாநிலம், குடும்பம் ஒரு மாநிலம் என்பதே நிலைத்துவிட்டது. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிறவர்கள் இன்றும் உண்டு. உலர்ந்த காய் போடி ஏலத்தில் விலைபோகிறது. சாலை எட்டாத சரிவுகளில் மூட்டையை இறக்கியவை மனிதத் தலைகள்தாம்.

தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் ‘16 வயதினிலே’ எடுத்துத் தமிழ்த் திரையைக் கிராமத்து வெயிலுக்கு அழைத்துவந்தார். அதற்கும் இசை இளையராஜா; அவருடைய பண்ணைப்புரம் இதே மலையின் அடிவாரம். ஆனாலும் மலை நெடுங்காலம் பாட்டுக்காட்சியின் பசுமையாகவே நின்றது. அதில் நடப்பவனின் மூச்சிரைப்பைக் கேட்க வைத்தது லெனின் பாரதியின் படம்.

சுமைகூலி ரங்கசாமிக்குச் (ஆண்டனி) சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும். காசு சேர்த்துச் சேர்த்துக் கைக்கெட்டும் நேரத்தில் ஏலக்காய் மூட்டை நழுவுகிறது. சரிவில் உருண்டு, வாய் பிரிந்து, பாறைக்குப் பாறை காயைச் சிதறிக்கொண்டே பள்ளத்துக்குப் போகிறது. ஆண்டுக்கணக்கான உழைப்பு போவதைப் பின்னணியில் அழுகுரல் சேர்க்காமல் காட்டுகிறார் இயக்குநர். தமிழில் வறுமையைக் காட்டிய காட்சிகளில் இதற்கு இணை குறைவு.

பிறகு நிலம் கிடைக்கிறது. உரக்கடைக் கடன், தொழிற்சங்கத் தகராறு, சிறை என்று வரிசையாக வந்து அதைப் பறித்துக்கொள்கின்றன.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) இங்கே நினைவுக்கு வரும். அதில் விளைச்சலைக் காக்க உழவர்கள் வாள்வீரர்களை அமர்த்துகிறார்கள். வீரர்களில் நால்வர் மாண்டபின், உழவர்கள் பாடிக்கொண்டே நாற்று நடுவதில் படம் முடிகிறது. ஏலமலை அடிவாரத்திலோ உழவனே காவல்காரன் ஆகிறான். தன்னுடையதாயிருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்குச் சீருடை போட்டுக் காவல் இருக்கிறான் ரங்கசாமி. கேமரா மேலே எழ எழ அவன் சிறுத்துப் புள்ளியாகிறான். சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன.